கார்லிஃப்ட் அண்ணாச்சியின் பந்தயக் கார்

கோபாலசாமி அண்ணாச்சி கார் பந்தயத்தில் ஓட்டினார் என்று சொன்னால் அல் குசைஸில் அவரைத் தெரிந்த ஒருத்தரும் நம்பமாட்டார்கள். கூடவே நானும் ஓட்டினேன் என்றால் என் மாமியார் நம்பமாட்டார். அது கிடக்கட்டும். அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அல் கைல் ரோட்டில் தண்ணீர் டேங்கர்கூட அவரை முந்திக்கொண்டு போகும். இந்த வளைகுடா ஊர்க் கார்களில் வேகம் நூற்றிருபதைத் தாண்டினால் உள்ளே ஒரு மணி அடிக்கும். டிங் டிங் என்று விடாமல் அடித்து உயிரை எடுக்கும். அண்ணாச்சியின் வெள்ளை சன்னி காரில் அத்தனை வருஷம் போயும் அந்தச் சத்தத்தை ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை. அந்தக் காரில் மணி என்று ஒன்று இருக்கிறதா என்பதே எங்களுக்குச் சந்தேகம்.

அவருக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். அல் கூஸில் கட்டடச் சாரம் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மனைவி வீரம்மாளும் பிள்ளைகளும் ஊரோடு இருந்தார்கள். இவருக்கு அல் குசைஸில் ஒரு பெட் ஸ்பேஸ். அதாவது ஒரு கட்டில், அதன் கீழே ஒரு பெட்டி, சுற்றிலும் மற்றவர்களுடைய கட்டில்கள். இங்கே அவர் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரக்கூடிய இடம் என்றால் அந்தக் கார் ஒன்றுதான். அதிலும் தனியாக உட்கார மனிதருக்குப் பிடிக்கவில்லை. கார்லிஃப்ட் ஆரம்பித்தார்.

ஒரே பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஒருவருடைய காரில் சேர்ந்து போவதற்கு இங்கே கார்லிஃப்ட் என்று பெயர். பெட்ரோலில் ஆளுக்கொரு பங்கு. அண்ணாச்சியின் காரில் அவரையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர். முன்சீட்டில் விஜயபாஸ்கர், திருச்சிக்காரர், எஸ்டிமேஷன் என்ஜினியர். கால் நீளம் என்பதால் முன்சீட்டு அவருக்கு. கோபமும் நீளம். பின்சீட்டில் வலது ஜன்னலோரம் மணிமாறன், பெரம்பலூர்ப் பையன், ஏசி டெக்னீஷியன். இங்கே ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் இடது ஜன்னலோரம் அண்ணாச்சிக்கு நேர் பின்னால் நான், அக்கவுண்ட்ஸ் ராதிகா. எனக்கும் மணிமாறனுக்கும் நடுவில் அவனுடைய டூல் பை. பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி அவரவர் இடம் அவரவருக்கு. ஒரு நாள் மணிமாறன் லீவு என்று வலது பக்கம் தள்ளி உட்கார்ந்தேன். வழி முழுக்க யாருக்கும் பேச்சே சரியாக வரவில்லை.

மற்றபடி பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. மேனேஜரைத் திட்டுவோம், வாடகையைத் திட்டுவோம், ஊரில் நிலம் வாங்கி ஏமாந்த கதையைச் சொல்லுவோம். மணிமாறனுக்குப் பெண் பிறந்த செய்தி அந்தக் காரில்தான் வந்தது, டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு காலையில். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் பக்கத்துக் கார்க்காரன் கண்ணாடியை இறக்கி என்ன ஆச்சு என்று கேட்டான். அண்ணாச்சி அதிகம் பேசமாட்டார். கேட்பார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, எல்லாரும் சிரித்து முடித்த பிறகு தனியாகச் சிரிப்பார். நான் பாதிக் கதையில் இறங்கிப்போனால் மறுநாள் ஏறியதும் ஏறாததுமாக, "அந்த ஹெச்ஆர் பொம்பள கடைசில என்ன சொன்னா தங்கச்சி?" என்பார்.

விஜயபாஸ்கருக்கு ஒரு தடவை வேலை போனது. எங்களிடம் சொல்லவில்லை. தினமும் டை கட்டிக்கொண்டு வந்து ஏறினார், பழைய கம்பெனி வாசலில் இறங்கினார், அண்ணாச்சி நகர்ந்ததும் எதிரிலிருந்த கஃபட்டேரியாவில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கும் மணிமாறனுக்கும் தெரியாது. அண்ணாச்சிக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. சாயங்காலம் அதே வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார், ஒரு கேள்வி கேட்காமல். வேறு வேலை கிடைத்த பிறகு விஜயபாஸ்கரே சொன்னார். அப்போதும் அண்ணாச்சி ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனை நல்ல மனிதரிடம் ஒரே ஒரு தொல்லை. வெயிலில் ஓர் ஆள் நின்றால் போதும், பிரேக் போட்டுவிடுவார். பஸ்ஸுக்கு நிற்கிறவன், டாக்ஸிக்கு நிற்கிறவன், சும்மா சிகரெட் பிடிக்கிறவன், எவனாக இருந்தாலும் சரி. கண்ணாடியை இறக்கி, "எங்க போணும்? ஏறுங்க" என்பார். தமிழ் தெரியாதவனிடமும் அதேதான். தெரியாதவர்களை இப்படி ஏற்றக்கூடாது என்று ஒரு தடவை பிடித்து அபராதம் போட்டார்கள். கட்டிவிட்டு வந்தார், மறுநாளே ஒரு நேபாளிக்காக நிறுத்தினார். விஜயபாஸ்கருக்குத் தலைக்கு மேல் கோபம் வரும். "அண்ணாச்சி, பஞ்சிங் டைம் ஆச்சு!" என்று கத்துவார். "ஒரு ஆளு வெயில்ல நிக்காரு சார், எப்படிப் போக?" என்பார் அண்ணாச்சி. அத்தோடு சரி. வந்தவன் டூல் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் உட்காருவான்.

எல்லாம் ஒரே வருஷத்தில் கலைந்துபோனது. விஜயபாஸ்கருக்கு அபுதாபியில் வேலை. மணிமாறன் மஸ்கட்டில் ரூவிக்குப் போய்விட்டான். நாங்கள் ஷார்ஜாவுக்கு வீடு மாறினோம். கொஞ்ச நாள் கழித்து எங்கள் பழைய கட்டடத்து வாட்ச்மேனை ஒரு கடையில் பார்த்தேன். அந்த வெள்ளை சன்னி இப்போதும் காலையில் வருகிறது, கேட் முன்னால் மெதுவாகத் திரும்பிப் போகிறது என்று சொன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றே போன் போட்டேன்.

"ஏன் அண்ணாச்சி சுத்திட்டுப் போறீங்க? நேர் ரோட்ல போனா சீக்கிரம் போயிரலாமே."

"கை பழகிப்போச்சு தங்கச்சி. அதுவாத் திரும்புது" என்றார். பிறகு, "ஒரு லீவு நாள்ல நாலு பேரும் வாங்களேன். நம்ம கார்லயே கோர்ஃபக்கான் பீச் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்றார்.

வருகிறோம் வருகிறோம் என்றோம். ஒருத்தருக்கு லீவு கிடைத்தால் இன்னொருத்தருக்குக் கிடைக்காது. இந்த ஊரில் நான்கு பேருடைய லீவு ஒரே நாளில் விழுவது அவ்வளவு லேசான காரியமில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு பெருநாளுக்கும் விடாமல் கேட்டார்.

போன வருஷம் கம்பெனி அவருக்கு வயதாகிவிட்டது என்று விசாவை கேன்சல் செய்யத் தேதி சொன்னது. அதே மாதம் காரும் பாஸிங் என்கிற வருஷச் சோதனையில் தோற்றது. இனி ரோட்டில் ஓடக்கூடாது, பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். காரும் கார்க்காரரும் ஒன்றாக ரிட்டயர் ஆனார்கள். இதைக் கேள்விப்பட்டு விஜயபாஸ்கர் துள்ளிக் குதித்தார். நடு வயதில் மனிதருக்குக் கார் பந்தயப் பைத்தியம் பிடித்திருந்தது. ராஸ் அல் கைமா பக்கம் பாலைவனத்தில் ஒரு பந்தயத் தடத்தில் மலிவுக் கார்களுக்கென்று ஒரு பந்தயம் நடத்துகிறார்கள். ஓட்டை உடைசல் காராக இருக்க வேண்டும், ஆறு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். நான்கு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். விஜயபாஸ்கர் காரை விலைக்குக் கேட்டார்.

"விலையா? என்ன சார் பேச்சு இது. எடுத்துக்கங்க. ஆனா நம்ம நாலு பேரும் சேந்துதான் ஓட்டணும். வேற ஆளப் போடக்கூடாது" என்றார் அண்ணாச்சி.

எனக்கு லைசென்ஸ் கிடைத்த கதை ஒரு தனிக் கதை. டெஸ்ட் எடுக்கிற அதிகாரிக்கே என் முகம் மனப்பாடம் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட என்னைப் பந்தயத்தில் ஓட்டச் சொன்னதும் சிரித்துவிட்டேன். ஆனால் அண்ணாச்சி ஊருக்குப் போகப்போகிறார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மணிமாறன் லீவு போட்டுவிட்டு ரூவியிலிருந்து பஸ் பிடித்து வந்தான்.

அல் கூஸில் மக்தூம் பாய் என்று ஒரு கீழக்கரைக்காரர் கேரேஜ் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஓரத்தை எங்களுக்கு விட்டார். முதல் ஞாயிறு அண்ணாச்சி காரை ஒரு ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. எங்கள் மூன்று பேருடைய சீட்டிலும் புதுத் துண்டு விரித்திருந்தார், வெயிலில் சீட் சுடும் என்று. மணிமாறன் ஒன்றும் கவனிக்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்சீட்டு போல்ட்டில் ஸ்பானரை வைத்தான்.

"ஏய் மணி, என்ன பண்ணுத?"

"சீட்டெல்லாம் கழட்டணும் அண்ணாச்சி. ரூல். டிரைவர் சீட் மட்டும்தான்."

அண்ணாச்சி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அப்ப நீங்கள்லாம் எங்க உக்காருவீங்க?"

மணிமாறன் ஸ்பானரைக் கீழே வைத்தான். விஜயபாஸ்கர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரேஸ்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அண்ணாச்சி" என்றார். "முடிஞ்சதும் சீட்ட மாட்டி ஒரு ரவுண்டு போவோம்."

"ரோட்ல எடுக்க முல்கியா இல்லயே சார். ரிஜிஸ்ட்ரேஷன்தான் ரத்தாயிருச்சே" என்றார் அண்ணாச்சி. அப்புறம் டீ குடிக்க வெளியே போய்விட்டார். அதுவரைக்கும் எங்கள் மண்டையில் உறைக்கவே இல்லை. அவர் பந்தயத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் நான்கு பேரும் இன்னொரு தடவை அந்தக் காரில் சேர்ந்து போவதற்கு ஒத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் ஸ்பானர் வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தோம். எனக்கு விஜயபாஸ்கர் மேல் எரிச்சலாக வந்தது. பந்தயத்தை விட்டுவிடலாமா என்று கேட்டேன். திரும்பி வந்த அண்ணாச்சிதான் வேண்டாம் என்றார். "பாஸ்கர் சார் ஆசப்பட்டுட்டாரு. அவரு ஒரு கோப்பை வாங்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் சீட்டை அவரே கழற்றினார். கீழே மணல்தான். அத்தனை வருஷமும் எங்கள் செருப்பில் ஒட்டி வந்த மணல்.

அதன் பிறகு வேலை மும்முரமாக நடந்தது. மக்தூம் பாய் உள்ளே இரும்புக் குழாய்களை வளைத்து ஒரு கூண்டு வெல்டிங் செய்து கொடுத்தார், கார் உருண்டால் நசுங்காமல் இருக்க. கதவுகளையும் சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டதால் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். நான் சுடிதாரில் முதல் தடவை ஏறிய அழகை மணிமாறன் போனில் படம் எடுத்துவைத்திருக்கிறான், அவனை விடப்போவதில்லை. ஷார்ஜாவில் பழைய டயர் வாங்கினோம், பிரேக் மாற்றினோம், ரேடியேட்டரைக் கழுவினோம். சோதனை ஓட்டத்தில் விஜயபாஸ்கர் அழுத்தியபோது ஒரு சத்தம் கேட்டது. எஞ்சினில் ஏதோ போய்விட்டது என்று வண்டியை நிறுத்திவிட்டார். மணிமாறன் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "அண்ணாச்சி, உங்க கார்ல மணி இருக்கு!"

சிரித்தோம்தான். ஆனாலும் பழைய மாதிரி இல்லை. ஒருத்தர் காருக்கு அடியில், ஒருத்தர் டிக்கியில், ஒருத்தர் வெளியே. பேச்சு ஒன்று சேரவில்லை. அண்ணாச்சி துணியை வைத்துக்கொண்டு, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய காலைகளை நினைத்து எனக்கு ஏக்கமாக இருந்தது. கையில் இருந்தபோது அதை ஆபீஸுக்குப் போகிற வழி என்றுதான் நினைத்திருந்தோம்.

பந்தயம் அக்டோபரில். கோடை முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னது, வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களைப் போல இருபது முப்பது டப்பாக் கார்கள். ஒன்றின் கூரையில் பிளாஸ்டிக் ஒட்டகம். ஒரு பேங்க்காரர்கள் குழு கோட்டு டையெல்லாம் போட்டு வந்திருந்தது. விஜயபாஸ்கர் முதலில் ஓட்டினார், பல்லைக் கடித்துக்கொண்டு. அடுத்து மணிமாறன். பிறகு நான். மணி அடிக்க அடிக்க ஓட்டினேன். பேங்க்காரர்களை நான்தான் முந்தினேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். மற்ற கார்கள் ஒவ்வொன்றாகப் புகை விட்டு நின்றதில் நாங்கள் மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டோம். மூன்றாம் இடத்துக்கும் கோப்பை உண்டு. விஜயபாஸ்கருக்குக் கை கால் ஓடவில்லை.

கடைசி முறை அண்ணாச்சிக்கு. ஹெல்மெட் போட்டு, பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். வேகமில்லை, ஆனால் ஒரு சுற்றுப் போல மறுசுற்று, சீராகப் போனார். இந்த மாதிரிப் போனாலே போதும் என்று விஜயபாஸ்கர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போது தூரத்து வளைவில் ஒரு மஞ்சள் கார் புகைந்து நின்றது. அதன் டிரைவர் இறங்கி, தடுப்பு டயர்களுக்குப் பின்னால் போய் ஹெல்மெட்டோடு நின்றான். மணிமாறன் என்னைப் பார்த்தான், நான் மணிமாறனைப் பார்த்தேன்.

"ஐயோ" என்றேன்.

எங்கள் வெள்ளை சன்னி வேகம் குறைந்து, ஓரம் கட்டி, அந்த ஆளுக்கு நேராக நின்றது.

விஜயபாஸ்கர் வாக்கி டாக்கியில் கத்தினார். "அண்ணாச்சி! என்னாச்சு? எஞ்சினா?"

"ஒரு ஆளு வெயில்ல நிக்காரு சார்."

"அண்ணாச்சி, அவன் ரேஸ் டிரைவர்! அவனக் கூட்டிட்டுப் போக வேற வண்டி வரும்! கெளம்புங்க!"

"எப்ப வருமோ, எவ்வளவு நேரம் நிப்பாரு? ஏறச் சொன்னா மாட்டேங்காரு. உள்ள சீட்டும் இல்லயா, எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. தண்ணியாவது குடுத்துட்டு வாரேன்."

ஜன்னல் வலைக்குள்ளிருந்து ஒரு கை தண்ணீர் பாட்டிலை நீட்டுவது தூரத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஆள் டயர்களைத் தாண்டி வந்து வாங்கிக்கொண்டான். விசில் ஊதினார்கள், கொடி ஆட்டினார்கள். பந்தயத் தடத்தில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தியதற்காகக் கறுப்புக் கொடி காட்டி உள்ளே அழைத்துவிட்டார்கள். அரை மணி நேரம் தண்டனை. பந்தயம் முடியவே இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. கோப்பை போனது போனதுதான்.

தண்டனை அனுபவிக்க ஒரு தனி முற்றம் இருந்தது. நான்கு பக்கமும் கம்பி வேலி, கீழே கொதிக்கும் தார். எஞ்சினை அணைத்துவிட்டுக் குழு முழுவதும் அங்கேயே நிற்க வேண்டும் என்பது விதி. பொறுப்பில் இருந்த எகிப்துக்காரர் பாதுகாப்பைப் பற்றி எங்களுக்கு ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத் தன் குடைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். விஜயபாஸ்கர் டயரை ஓர் உதை உதைத்தார். "அத்தன வருஷமா இதே கத! இன்னிக்காச்சும், இந்த ஒரு நாளாச்சும்..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டார். அண்ணாச்சி கூண்டுக்குள் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார். "தப்புதான் சார்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கோப்பைக்காக இல்லை.

அந்த முற்றத்தில் நிழல் என்று ஒன்று இருந்ததென்றால் அது காருக்குள்தான். மணிமாறன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். "வெயில் தாங்கல" என்று சொல்லி வலது பின்ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து வெறுந்தகரத்தில் உட்கார்ந்தான். நான் இந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக ஏறினேன். தகரம் சுட்டது, துப்பட்டாவை மடித்துப் போட்டுக்கொண்டேன். விஜயபாஸ்கர் வெளியேதான் நின்றார், வேர்த்து ஊற்ற ஊற்ற, எங்கள் பக்கம் திரும்பாமல். கடைசியில் முன்ஜன்னலில் அந்த நீளக் காலை விட்டு, குழாயில் தலையை இடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிக்கொண்டு உள்ளே இறங்கினார். முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்தார்.

பிறகு மணிமாறன், "அண்ணாச்சி, என் பொண்ணு இப்ப என்னை எதுத்துப் பேசறா" என்றான். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது. அவள் டிராயிங்கில் சேரப்போகிறேன் என்கிறாளாம், இவன் கூடாது என்கிறானாம். நான் மணிமாறனைத் திட்டினேன். விஜயபாஸ்கர் என்னைத் திட்டினார். அங்கிருந்து ரூவி வாடகைக்குப் போனோம், என் மாமியாருக்குப் போனோம், பழைய ஹெச்ஆர் பொம்பளைக்குப் போனோம். வேலை போன நாட்களில் கஃபட்டேரியாக்காரன் தன்னைத் துப்பறியும் ஆள் என்று நினைத்துக்கொண்டதை விஜயபாஸ்கர் அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தோம். நாங்கள் சிரித்து ஓய்ந்த பிறகு முன்னாலிருந்து ஹெல்மெட்டுக்குள் ஒரு சிரிப்புக் கேட்டது. கண்ணாடியில் அவருடைய கண் மட்டும் தெரிந்தது. நனைந்திருந்தது.

எகிப்துக்காரர் எழுந்து வந்து கூரையைத் தட்டினார். "கலாஸ்! யல்லா, யல்லா!"

தண்டனை முடிந்துவிட்டது. பந்தயம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. நாங்கள் மூன்று பேரும் இறங்க வேண்டும், அண்ணாச்சி கிளம்ப வேண்டும். அவர் சாவியில் கை வைத்தார். எங்களில் யாரும் அசையவில்லை.

விஜயபாஸ்கர்தான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். எங்கள் தண்டனையை இன்னும் பத்து நிமிஷம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டார். எகிப்துக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடியும் கேட்டார், "ப்ளீஸ்" என்று சேர்த்து. அந்த மனிதர் குனிந்து, சீட் இல்லாத காருக்குள் தகரத்தில் உட்கார்ந்திருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் தன் குடைக்குத் திரும்பினார்.

அண்ணாச்சி சாவியிலிருந்து கையை எடுத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சொல்லு மணி, பாப்பா அப்புறம் என்ன சொன்னா?" என்றார்.